பட்டியலில் இருக்கும் தாத்தாக்கள்



குடும்பத்தோடு ஐரோப்பா போய்வந்தால் ஈஃபில் கோபுரம் பற்றித்தான் எழுதுவார்கள். நான் இரண்டு ஜெர்மன் துறைமுகங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் வறுமை தாங்காமல் லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஹாம்பர்க் வழியாகப் போனவர்களின் பெயர், வயது, தொழில், சொந்த ஊர் எல்லாம் 1850 முதல் 1934 வரை பட்டியலாக இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பிரெமனில் 1832 முதலே எழுதினார்கள். ஆனால் வைக்க இடமில்லையென்று 1875 முதல் பழைய பட்டியல்களை அழித்துவிட்டார்கள். மிச்சமும் 1944 குண்டுவீச்சில் பெரும்பாலும் போயிற்று.

ஹாம்பர்க்கில் பயணிகள் தங்கிய இடத்தில் 2007-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஒரு அமெரிக்க அம்மையார் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்துக் கண்கலங்கினார். பிரெமன் வழியாகப் போனவரின் பேத்திக்கு அது லேசில் கிடைக்காது. அமெரிக்கப் பதிவுகளில் பல சமயம் நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

"நம்ம ஊர்க்காரங்க யாரும் கப்பல்ல போகலையாப்பா?" என்றாள் மகள். போனார்களே! 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் பெயரும் ஊரும் எழுதிய பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் உள்ளன. அதை வைத்துத்தான் பல வாரிசுகள் நம் கிராமங்களைத் தேடி வருகிறார்கள்.

நம் கல்லூரியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் இதே மாதிரிதான். மாணவத் தம்பி தங்கைகளே, இடமில்லையென்று யாராவது எடைக்குப் போடக் கிளம்பினால் விட்டுவிடாதீர்கள். பின்னால் ஒரு பேத்தி தேடி வருவாள்.