தொழப்பட்ட பிராந்தனும் கொல்லப்பட்ட மதுவும்

பாலக்காடு மாவட்டத்தின் மேற்கே, பட்டாம்பி வட்டத்தில் இராயிரநல்லூர் மலை உள்ளது. ஆண்டுதோறும் துலாம் மாதத்தின் முதல் நாளில் மக்கள் பெருந்திரளாக அதன்மீது ஏறுகின்றனர். பாறையை உச்சிவரை உருட்டிச் சென்று, பின் கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்ததாகத் தொன்மம் கூறும் நாறாணத்துப் பிராந்தனுக்கு அங்கே சிலை உண்டு.

அதே மாவட்டத்தின் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டியது அட்டப்பாடி. அங்கே 2018 பிப்ரவரி 22 அன்று மது என்னும் பழங்குடி இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். மனநலம் பாதிக்கப்பட்டிருந்த அவர், ஊரை விட்டு விலகிக் காட்டுக் குகையில் வாழ்ந்து வந்தவர். அரிசி முதலிய பொருள்களைத் திருடினார் என்று கூறி ஒரு கும்பல் அவரைப் பிடித்துக் கைகளைக் கட்டி அடித்து, முக்காலிக்கு நடத்திக் கொண்டுவந்தது; அந்நிலையில் படமும் எடுத்துக்கொண்டது. காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டபின், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே அவர் இறந்தார்.

ஒருவரைத் தொழும் நிலம் மற்றொருவரைக் கொன்றது எவ்வாறு? விடையின் ஒரு பகுதி சொற்களில் உள்ளது. ‘பிராந்தன்’ என்பதன் வேர் வடமொழி ‘பிரம்’. சுழலுதல், அலைதல் என்பன அதன் பொருள்கள். தமிழின் ‘பித்தன்’, ‘பைத்தியம்’ ஆகியவையோ பித்தம் என்னும் மருத்துவக் கருத்தைச் சார்ந்தவை. முன்னது அலைபவரைக் காண்கிறது. பின்னவை நோயைக் காண்கின்றன. சைவ மரபில் பித்தன் என்பது சிவனின் பெயருமாகும். ஆயினும் இவ்வுயர்வு தெய்வத்துக்கும் தொன்ம மாந்தர்க்குமே வாய்த்தது; தெருவில் அலைந்தவர்க்கு இச்சொற்கள் வசையாகவே நின்றன.

காலனிய ஆட்சி அலைதலைச் சட்டத்தின் பொருளாக்கியது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்துக்கான மனநோய்க் காப்பகம் 1872இல் கோழிக்கோட்டின் குதிரவட்டத்தில் அமைந்தது. இன்றைய இடுக்கியின் மலைகளோ திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தன. அவ்வரசின் காப்பகம் தொலைவில் திருவனந்தபுரத்தில் இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அலைந்து திரியும் மனநோயாளியைக் காவலர் கைதுசெய்யலாம். ஆபத்தானவர் எனக் கருதினால் கைதுசெய்தே ஆகவேண்டும். அலைபவர் முதலில் பொது ஒழுங்குக்கு இடையூறு, பிறகே நோயாளி.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டபோது, காப்பு என்ற பெயரிலான சிறையை நாடு கண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. அதன் 100ஆம் பிரிவு, அலைந்து திரியும் மனநோயாளிக்குப் பாதுகாப்பளிப்பதைக் காவல்நிலைய அதிகாரியின் கடமையாக்கியது. நினைவாற்றலின் கடுமையான சீர்குலைவும் மனநோய் என்பதன் வரையறைக்குள் வந்தது. ஆகவே வழிதவறி நிற்கும் மறதிநோய் முதியவருக்கும் இக்கடமை பொருந்தும்.

இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று. மது இறந்து மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. சாட்சிகள் பலர் பிறழ்ந்த அவ்வழக்கில், 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. எனினும் அலைபவரை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் காவலர் அல்லர். கடைக்காரர், ஓட்டுநர், அண்டை வீட்டார். அக்கணத்தில் அவர்கள் வாயில் வரும் சொல் ‘திருடன்’ என்பதா, ‘நோயாளி’ என்பதா என்பதைச் சட்டத்தால் மட்டும் முடிவுசெய்ய இயலாது.