ஹட்டனிலிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம்?

ஹட்டனுக்கும் நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரிக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். இரண்டுமே தேயிலை மலைகள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பல குடும்பங்கள் பிரிந்தன. போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

அன்றைய பாதை

மலையகத்திலிருந்து கோச்சியில் பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. போர்ச்சூழலில் 1984இல் கப்பல் சேவை நின்றது. 2015 மார்ச்சில் ரயில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை எட்டியது. கப்பல் வரவில்லை.

கொழும்பு வழியாக

மலையகத்தில் பன்னாட்டு விமான நிலையம் இல்லை. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வீதிவழியே சுமார் நான்கு மணிநேரம் பிடிக்கும். அங்கிருந்து வான்வழித் தூரம்:

- திருச்சி: ஏறத்தாழ 415 கி.மீ. பறப்பு நேரம் ஒரு மணிநேரமளவு.
- சென்னை: ஏறத்தாழ 645 கி.மீ. சுமார் ஒன்றரை மணிநேரம்.

நீலகிரி போகிறவர்களுக்குச் சென்னையைவிடத் திருச்சியே கிட்ட. திருச்சியில் இறங்கி கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலைப்பாதை மட்டும் 33 கி.மீ. வானில் ஒரு மணிநேரம்தான். ஆனால் லயத்து வாசலிலிருந்து உறவினர் வாசலுக்கு ஒரு முழுநாள் பயணம்.

வன்னியிலிருந்து

1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், பின்னர் அங்கு போரையும் சுமந்த மலையகக் குடும்பங்களுக்குப் பலாலியே கிட்ட. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டது. 2020இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் ஆரம்பமானது. பலாலி–சென்னை ஏறத்தாழ 355 கி.மீ., பலாலி–திருச்சி 185 கி.மீ. மட்டுமே.

கடல்வழியும் உண்டு. காங்கேசன்துறை–நாகபட்டினம் சுமார் 110 கி.மீ.; கப்பலில் நான்கு மணிநேரமளவு. மாரிக்காலத்தில் சேவை தடைப்படுவதால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

போகுமுன்

கடவுச்சீட்டும் விசாவும் இருந்தால் மட்டும் போதாது. கடிதத் தொடர்பு அறுந்துபோன குடும்பங்கள் பழைய கடித உறைகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தோட்டத்தின் பெயரும் டிவிசனும், இங்கிருந்து போன தோட்டத்தின் பெயரும் தெரிந்தால், விசாரித்துக் கண்டுபிடிப்பது எளிது. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம் என்பதை அங்குள்ள முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை.