பழங்காமிராவின் விலையும் வரலாறும்

பழம்பொருள்களுக்கு இருவகை விலை உண்டு. ஒன்று, அப்பொருள் செய்யும் பணிக்குரிய விலை. மற்றொன்று, அது கடந்துவந்த காலத்துக்குரிய விலை. காமிராவைப் பொறுத்தவரை இவ்விரண்டும் சில வேளைகளில் மலையும் மடுவுமாக நின்றுவிடுகின்றன. கடல்கடந்து பொருளீட்டச் சென்று திரும்பிய நம் முன்னோர் பலர் வாங்கி வந்த பிலிம் காமிராக்கள் இன்றும் அலமாரிகளில் உறங்கிக் கிடக்கின்றன. பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்றவற்றைப் பங்கிடுங்கால், வீட்டுக்கும் நகைக்கும் விலை மதிப்போர் எளிதில் கிடைப்பர். காமிராவோ பழைய சாமான் வாங்குவோரின் மூட்டைக்குள் போய்ச் சேரும். அறியாமையினால் உரியவர் பங்கு குறைவது முறையாகாது. ஆதலின், சேகரிப்போர் ஒரு காமிராவை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை நாம் அறிந்து வைத்தல் நலம்.

இதற்கு ஒரு சிறந்த சான்று ஜெர்மனியில் இருக்கிறது. வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகளுக்குப் பெயர்பெற்றிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கார் பர்னாக் என்னும் பொறிவல்லுநர் பணியாற்றினார். ஆஸ்துமா நோயால் வருந்திய அவருக்கு, அந்நாளைய கனத்த தகட்டுக் காமிராக்களைச் சுமந்து மலைவழி செல்வது இயலாததாயிற்று. திரைப்படச் சுருளையே பயன்படுத்தி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை அவர் 1914-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். இடையே முதல் உலகப்போர் வந்தது. போர் ஓய்ந்தபின், 1923-இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட காமிராக்கள் சோதனைக்காகச் செய்யப்பட்டன. 1925-இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்னும் பெயருடன் அக்கருவி விற்பனைக்கு வந்தது. லைட்ஸ், காமிரா என்னும் இரு சொற்களின் முதற்பகுதிகள் இணைந்து பிறந்த பெயர் அது.

அச்சோதனைக் காமிராக்களுள் 122 என்னும் எண் கொண்டது, 2018-இல் வியன்னா நகர ஏலத்தில் 24 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அதே வரிசையில் 105 என்னும் எண் கொண்டது, 2022-இல் வெட்ஸ்லாரில் ஏலத்துக்கு வந்தது. 20 முதல் 30 லட்சம் யூரோ வரை போகலாம் என்று மதிக்கப்பட்ட அது, 1 கோடி 44 லட்சம் யூரோவைத் தொட்டது. ஆலையும் ஆண்டும் அமைப்பும் ஒன்றாயிருக்க, விலை மட்டும் ஆறு மடங்கானது எவ்வாறு? இடையில் சென்ற நான்கு ஆண்டுகள் மட்டும் இதற்கு விடையாகா. 105-ஆம் எண் காமிரா பர்னாக் தம் கையில் வைத்துப் படமெடுத்த காமிரா. அதன் மேற்புறத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவரிடமிருந்து அவர் மகனுக்குச் சென்று, பின்னர் 1960-இல் அக்குடும்பத்தார் அதனை விற்றனர் என்ற வரலாறும் தெளிவாயிருந்தது. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் இவ்வுடைமைத் தொடரே மதிப்பீட்டின் உயிர்நாடி.

பழமை ஒன்றே விலையைத் தந்துவிடும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலர் விலையில் வெளியிட்ட பிரவுனி காமிரா, முதல் ஓராண்டிலேயே லட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. தொடர்ந்து வந்த பிரவுனி வகைகளோ எண்ணிலடங்கா. எனவே நூறாண்டு கடந்த பிரவுனிகள் பலவும் இன்று சொற்ப விலைக்கே கிடைக்கின்றன. எத்தனை செய்யப்பட்டன, எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனை பேர் அவற்றை நாடுகின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்குரிய விடையே அருமையைத் தீர்மானிக்கிறது. 1954-இல் வெளிவந்த லைக்கா எம்-3 இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அது நல்ல விலை பெறினும் அரிய பொருளன்று. அதே எம்-3 ஆலையிலேயே கறுப்பு வண்ணம் பூசப்பட்டதாயின் விலை பன்மடங்காகும். ஏனெனில் அவை மிகச் சிலவே.

இங்குதான் வஞ்சகமும் நுழைகிறது. சாதாரணக் காமிராவுக்குக் கறுப்பு வண்ணம் பூசி விற்போர் உண்டு. சோவியத் நாட்டில் 1934 முதல் பெட் என்னும் பெயரிலும், 1948 முதல் ஸோர்க்கி என்னும் பெயரிலும் லைக்காவைப் பின்பற்றிய காமிராக்கள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. பிற்காலத்தில் அவற்றின் பெயரைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, பொன்முலாமும் போர்க்கால முத்திரையும் இட்டு விற்றனர். லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்கினால் உண்மை பெரும்பாலும் வெளிப்படும். தூரமளக்கும் நெம்புகோலின் முனையில், லைக்காவில் சிறு உருளை இருக்கும். சோவியத் காமிராவில் ஆப்பு வடிவமே இருக்கும். காமிராவின் வரிசை எண்ணும் ஒரு சாட்சி. லைக்கா எண்களுக்குரிய ஆண்டுகள் பதிவில் உள்ளமையால், எண்ணும் அமைப்பும் ஒன்றையொன்று மறுக்குமாயின் ஐயுறுதல் வேண்டும்.

அடுத்து நிலைமை. லென்ஸில் பூஞ்சை படர்ந்துள்ளதா, ஷட்டரின் துணித்திரையில் ஊசித்துளைகள் உளவா, மெதுவான வேகங்களில் அது தடைபடுகிறதா என்பனவற்றை ஆராய்வர். ஆயின் தேய்மானம் முற்றும் குறையன்று. கறுப்பு வண்ணம் தேய்ந்து உள்ளிருக்கும் பித்தளை தெரிவதைச் சேகரிப்போர் விரும்பி ஏற்பர். அது உழைத்த கருவியின் அடையாளம். அதனை மெருகிட்டும் மறுவண்ணம் பூசியும் புதிதாக்க முயல்வோர், நன்மை செய்வதாக எண்ணி மதிப்பை அழித்துவிடுகின்றனர். தோலுறை, பெட்டி, விளக்கச் சுவடி, வாங்கிய ரசீது ஆகியவற்றை எறிந்துவிடுதலும் அத்தகையதே.

இறுதியாக விலை. கடைக்காரர் சொல்லும் விலை ஆசையின் அளவு. உண்மையில் விற்றுமுடிந்த விலையே சந்தையின் அளவு. அதிலும் கவனம் வேண்டும். மேற்சொன்ன 1 கோடி 44 லட்சத்தில், ஏலச் சுத்தியல் விழுந்த தொகை 1 கோடி 20 லட்சமே. எஞ்சியது வாங்குவோர் ஏல நிலையத்துக்குச் செலுத்திய கட்டணம். விற்பவரிடமும் தரகு பெறும் ஏல நிலையங்கள் பல. காலமும் விலையை மாற்றும். 2000-க்குப் பின் டிஜிட்டல் காமிரா பரவியபோது பிலிம் காமிராக்கள் பலவற்றின் விலை வீழ்ந்தது. பின்னர் இளைஞர் சிலர் மீண்டும் பிலிமை நாடியதால் பல வகைகள் விலையேறின. பழைய விலைப்பட்டியலை நம்பி விற்பவர் இழப்பர், வாங்குபவரும் இழப்பர்.

ஆதலின், வீட்டில் பழங்காமிரா இருப்போர் முதலில் அதனைத் துலக்காதீர், பிரிக்காதீர். எண்ணையும் பெயரையும் குறித்து, விவரம் அறிந்த இருவரிடமேனும் கேளுங்கள். அதனினும் முதன்மையானது வேறொன்று. அதனை யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கினார், அதனால் எடுத்த படங்கள் எவை என்பதைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நம் வீட்டுக் காமிரா கோடிக்குப் போகாது. பெரும்பாலும் ஆயிரங்களைத் தாண்டுவதும் அரிது. எனினும் எழுதிவைத்த அந்த ஒரு தாள், விற்பவருக்கு நியாயமான விலையைத் தேடித்தரும். விற்க மனமில்லாதவருக்கோ, தம் குடும்ப வரலாற்றின் ஓர் ஏட்டைக் காத்துத்தரும்.