அமெச்சூர் என்னுஞ் சொல்லும் சனிக்கிழமை ஓட்டமும்

'அமெச்சூர்' என்னுஞ் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலப்பொருள் 'அன்பு கொண்டவன்' என்பதாம். ஒரு கலையையோ விளையாட்டையோ ஊதியங் கருதாது, அதன்மீதுள்ள பற்றினாலேயே பயில்பவன் என்ற நல்ல கருத்து அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் இதே சொல் ஆங்கில நாட்டு மைதானங்களைச் சுற்றி நெடுங்காலம் ஒரு வேலியாக நின்றது. அவ்வேலி எழுந்த வரலாற்றையும், அது விழுந்தபின் சாதாரண மாந்தர் வாரந்தோறும் ஒரு பூங்காவிற் கூடி ஓடும் வழக்கம் எங்ஙனம் தோன்றியது என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இங்கிலாந்தில் ஓட்டமும் நடையும் பெரும்பாலும் பந்தயப் பணத்துக்காகவே நடந்தன. 1809ஆம் ஆண்டிலே பார்க்கிளே என்னும் கப்பித்தான் நியூமார்க்கெட்டில் ஆயிரம் மணித்தியாலங்களில், மணிக்கொரு மைலாக ஆயிரம் மைல் நடந்து ஆயிரம் கினி வென்றார். 1861இல் அமெரிக்காவிலிருந்து வந்த 'டீர்புட்' என்னும் செனெக்கா இனத்து ஓட்டவீரரைக் காண மக்கள் திரள் திரளாகக் கூடினர். சூதாட்டம் கலந்த இடத்திலே வஞ்சமும் கலந்தது. வேண்டுமென்றே தோற்பதும், ஆளை மாற்றி ஓடவிடுவதும் மலிந்தன. இதைக் கண்டு பல்கலைக்கழகத்துக் கனவான்கள் முகஞ் சுளித்தமை நியாயமே. அவர்கள் கண்ட பரிகாரந்தான் நியாயமாக இல்லை.

1866ஆம் ஆண்டிலே லண்டனில் 'அமெச்சூர் அத்லெற்றிக் கிளப்' நிறுவப்பட்டது. அமெச்சூர் என்பவன் யார் என்பதற்கு அது ஓர் இலக்கணம் வகுத்தது. பணத்துக்கு ஓடியவன் அமெச்சூர் அல்லன். விளையாட்டைக் கற்பித்துப் பிழைத்தவனும் அல்லன். இவ்வளவோடு நின்றிருந்தால் நாம் குறைசொல்ல மாட்டோம். இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோரும் அமெச்சூர் ஆகார் என்று அவ்வியக்கத்தார் எழுதிவைத்தனர். ஒரு தச்சன் தன் வாழ்நாளில் ஒரு சதமேனும் ஓட்டத்தினாற் பெற்றிராவிட்டாலும், தச்சன் என்ற ஒரே காரணத்தால் அவன் கனவான்களோடு ஓட்டக் கோட்டில் நிற்கலாகாது. கைத்தொழில் செய்வோனின் புயவலிமை அவனுக்கு அநீதியான அனுகூலம் தரும் என்று சமாதானங் கூறினர். பிறப்பையும் தொழிலையும் வைத்து மனிதரைத் தள்ளிவைக்கும் கொடுமையை அறிந்த எமக்கு இந்தச் சமாதானத்தின் உட்பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிலே பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை நிறுத்தவேண்டுமென விதித்தது. நாளடைவிலே சனிக்கிழமை அரைநாள் ஓய்வு ஏனைய தொழில்களுக்கும் பரவிற்று. சனிக்கிழமை விளையாட்டு நாளானதற்கு மூலகாரணங்களுள் இதுவும் ஒன்று. 1868 ஒக்டோபர் 17ஆந் திகதி, அதுவும் ஒரு சனிக்கிழமையே, தேம்ஸ் நதியில் ஓடம் வலிக்கும் சங்கத்தினர் சிலர் குளிர்காலத்துத் தேகாப்பியாசமாக விம்பிள்டன் பொதுவெளியிலே கடதாசித் துண்டுகளைத் தூவிச் சென்றாரைத் துரத்தி ஓடினர். 'தேம்ஸ் ஹேர் அன்ட் ஹவுண்ட்ஸ்' என்னும் அவர்களுடைய சங்கமே உலகின் மிகப் பழைய வெளிநில ஓட்டச் சங்கம் என்பர். விம்பிள்டன் பொதுவெளி என்னும் பெயரை வாசகர் மனத்திற் கொள்க. அவ்விடத்துக்கு நாம் திரும்பி வருவோம்.

தொழிலாளரை விலக்கிய விதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1880 ஏப்ரல் 24ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் நகரில் ரண்டோல்ப் ஹோட்டலிலே கூடிய கூட்டத்தில் 'அமெச்சூர் அத்லெற்றிக் அசோசியேஷன்' பிறந்தது. ஜாக்சன், வைஸ், ஷியர்மன் என்னும் மூவர் அதற்கு முன்னின்றனர். புதிய சங்கம் கைத்தொழிலாளருக்கும் கதவைத் திறந்தது. ஓடம் வலிப்போர் மட்டும் தம் பழைய விதியை 1937வரை இறுகப் பற்றியிருந்தனர்.

ஆயினும் பணம் என்ற வேலி அப்படியே நின்றது. பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர். அவரையே பயணச் செலவாக அளவுக்கு மீறிப் பணம் பெற்றார் என்று 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொள்ள விடவில்லை. புகழுடையவர் எப்படியோ சமாளித்துக்கொள்வர். புகழில்லாத ஒருவரின் கதையே எம் நெஞ்சைத் தொடுகிறது.

ஜோன் டரன்ட் என்பவர் 1932இற் பிறந்த ஆங்கிலேயர்; ஏழைத் தொழிலாளி. யுத்த காலத்திற் குழந்தைகள் இல்லமொன்றில் வளர்ந்தவர். பதின்ம வயதிலே சிற்றூர்க் குத்துச்சண்டை மேடைகளில் ஏறி, எல்லாமாக 17 பவுண் சம்பாதித்தார். பின் ஓட்டத்தில் மனம் பற்றி, ஓட்டச் சங்கத்திற் சேர விண்ணப்பஞ் செய்தபோது அந்த 17 பவுணை மறைக்காது எழுதினார். உண்மை சொன்னதற்குப் பலன், வாழ்நாள் தடை! எழுதாமல் விட்டிருந்தால் எவர் கண்டிருப்பர்? 1956ஆம் ஆண்டிலே லிவர்பூல் மரதன் தொடங்கும்போது அவர் இலக்கமில்லாத உடையுடன் கூட்டத்திலிருந்து பாய்ந்து ஓட்டக்காரரோடு கலந்து ஓடினார். பத்திரிகைகள் அவரை 'பேய் ஓட்டக்காரன்' என்றழைத்தன. ஊரூராகச் சென்று இவ்வாறே ஓடினார். ஜனங்கள் அவர் பக்கஞ் சேர்ந்தனர். 1958இல் உள்நாட்டில் ஓட அனுமதி கிடைத்தது; நாட்டின் பிரதிநிதியாக வெளிநாட்டில் ஓடும் உரிமை இறுதிவரை கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து பிரைட்டன்வரை நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தை 1967இலும் 1968இலும் வென்ற அவ்வீரர் 1975இல் நோயுற்றுக் காலமானார். பதினேழு பவுணுக்கு இவ்வளவு விலையா என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வேறு வேலிகளும் இருந்தன. 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் மாதர் 800 மீற்றர் ஓடியபின், அவர்கள் களைத்து வீழ்ந்தனர் எனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அவ்வோட்டம் 1960வரை நிறுத்தப்பட்டது. பொஸ்டன் மரதனிலே மாதர் முறைப்படி சேர்க்கப்பட்டது 1972இலேதான். தென்னாபிரிக்காவின் புகழ்பெற்ற கொம்ரேட்ஸ் ஓட்டம் கறுப்பினத்தவர், இந்தியர், பெண்கள் யாவருக்கும் முறைப்படி திறக்கப்பட்டது 1975இல். இவற்றையெல்லாம் விரித்தால் ஏடு போதாது.

வீரர் அல்லாத சாதாரணர் ஓடலாம் என்ற எண்ணமே அண்மைக் காலத்தது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் ஆதர் லிடியார்ட் என்னும் பயிற்றாசிரியர் இருந்தார். அவரிடம் பயின்ற ஸ்நெல், ஹல்பர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளிற் தங்கம் வென்றனர். அந்தப் புகழைவிடப் பெரிதென நாம் கருதுவது அவர் 1960களின் தொடக்கத்திலே நடுவயது கடந்தவர்களையும் இருதய நோயாளிகளையும் மெதுவாக, பேசிக்கொண்டே ஓடப் பழக்கியதையே. 1962இன் முடிவில் அங்கு வந்த அமெரிக்கப் பயிற்றாசிரியர் பில் பவர்மன் அவர்களோடு ஓடப்போய், பின்தங்கி மூச்சிரைத்து நின்றார். இருதய நோய்க்கு ஆளாகியிருந்த முதியவர் ஒருவரே அவருக்குத் துணையாக மெதுவாக ஓடி வந்தாராம்! ஊர் திரும்பிய பவர்மன் ஓரிகன் மாநிலத்தில் இவ்வழக்கத்தைத் தொடங்கினார். 1967இல் ஒரு வைத்தியரோடு சேர்ந்து அதுபற்றி நூலும் எழுதினார். மெல்லோட்டம் உலகெங்கும் பரவிற்று.

உச்சியில் இருந்த பண வேலியும் தளர்ந்தது. 1982இல் சர்வதேசச் சம்மேளனம் வீரர்கள் தம் வருவாயை நிதியமொன்றில் வைத்துக்கொள்ள இசைந்தது. 2001இல் அதன் பெயரிலிருந்தே 'அமெச்சூர்' என்னுஞ் சொல் நீங்கியது. வீரர் உலகம் கைவிட்ட அச்சொல்லை மூன்றாண்டுகளின் பின் பதின்மூன்று பேர் தாமறியாமலே எடுத்து வாழவைத்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

லண்டனின் தென்மேற்கே டெடிங்டன் அருகில் புஷி பார்க் என்னும் அரச பூங்கா உளது. மான்கள் உலாவும் இடம். 1944இல் ஐசன்ஹோவர் தளபதியின் தலைமைப் பாசறை அங்கேயே இருந்தது. போல் சின்டன்-ஹியூவிற் என்பவர் அன்றைய ரொடீசியாவிற் பிறந்து தென்னாபிரிக்காவில் வளர்ந்து இங்கிலாந்திற் குடியேறியவர். 2004ஆம் ஆண்டிலே உத்தியோகத்தை இழந்திருந்தார். காலிற் காயமுற்று ஓடவும் முடியாதிருந்தார். நண்பர்களின் கூட்டுறவை இழக்க மனமின்றி, தான் நேரங் குறிக்க அவர்கள் ஓடட்டும் என எண்ணினார். 2004 ஒக்டோபர் 2ஆந் திகதி சனிக்கிழமை காலை பதின்மூவர் ஐந்து கிலோமீற்றர் ஓடினர். முடித்தவர் கையில் இலக்கம் பொறித்த இரும்பு வாஷர் ஒன்று கொடுக்கப்பட்டது. இரும்புக்கடையில் வாங்கிய சாமான்! ஓட்டம் முடிந்ததும் அனைவரும் கோப்பி அருந்தப் போயினர்.

அடுத்த கிழமையும் நடந்தது. அதற்கடுத்த கிழமையும் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அது அப்பூங்காவைவிட்டு வெளியே செல்லவில்லை. 2007 ஜனவரியில் இரண்டாவது இடந் தொடங்கியது. அவ்விடம் விம்பிள்டன் பொதுவெளி! 1868இல் ஓடக்காரர் கடதாசி துரத்திய அதே நிலத்திலே, தொழில் இன்னதென்று கேட்பாரின்றி யாவரும் ஓடினர். பின்னர் 'பார்க்ரன்', அதாவது பூங்கா ஓட்டம், என்ற பெயர் வந்தது. 2009இல் டென்மார்க்கிலும், 2011இல் அவுஸ்திரேலியாவிலும் தொடங்கியது. அவ்வாண்டிலேயே, கொம்ரேட்ஸ் ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற புரூஸ் போர்டைஸ் அதனைத் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். எம்மவர் பலர் வாழும் சிங்கப்பூருக்கு 2014இலும், மலேசியாவுக்கு 2018இலும் வந்து சேர்ந்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது.

அதன் முறை மிக எளிது. ஒருவர் ஒருமுறை தம் பெயரைப் பதிந்து ஒரு பார்கோட் சீட்டைப் பெற்றுக்கொள்வார். அதன்பின் எந்த நாட்டில் எந்தப் பூங்காவிலும் ஓடலாம், கட்டணம் இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் வரிசை இலக்கமுள்ள வில்லை ஒன்று கிடைக்கும். தொண்டர் ஒருவர் வில்லையையும் சீட்டையும் கருவியாற் படித்துக்கொள்வார். அன்றே முடிவு வெளிவரும். இது போட்டியன்று; முதல் வந்தவருக்குப் பரிசும் இல்லை. ஐம்பது, நூறு, இருநூற்றைம்பது முறை ஓடினோருக்கென ஒவ்வொரு நிறச் சட்டை உண்டு. நிதி, ஆதரவாளரிடமிருந்தும் நன்கொடையாலும் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் வழிகாட்டுவோர், நேரங் குறிப்போர், வில்லை கொடுப்போர் யாவரும் ஊதியமில்லாத் தொண்டர். எமது கோயில் திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தலில் நிற்கும் பிள்ளைகளைப் போலவே, இந்தக் கிழமை ஓடியவர் அடுத்த கிழமை தொண்டராக நிற்பார்.

இவ்வேற்பாடுகளுள் எமக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எல்லாருக்கும் பின்னாலே ஒரு தொண்டர் நடந்து வருவார். கடைசியாக வருவதே அவர் கடமை. ஆகவே எத்துணை மெதுவாக வந்தாலும் எவரும் கடைசி ஆவதில்லை. தொடக்க ஆண்டுகளில் சராசரியாக இருபத்தைந்து நிமிடங்களுக்குள் முடித்தனர். பின்னாளில் அச்சராசரி முப்பது நிமிடங்களைத் தாண்டிற்று. வேறு விளையாட்டு எதுவாயினும் இதைத் தேய்வு என்பர். இங்கே நடத்துவோர் அதைப் பெருமையாகச் சொல்லுகின்றனர். முன்பு ஓடாதவர், பருத்தவர், முதியவர், நடப்பவர் வந்து சேர்ந்ததால் அல்லவா சராசரி கூடிற்று! 2010இலிருந்து நான்கு வயது முதற் பதினான்கு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் இரண்டு கிலோமீற்றர் ஓட்டமும் நடக்கிறது. 2017இல் ஹவரிக் சிறைச்சாலையில் கைதிகளுக்காகவும் ஓர் ஓட்டம் தொடங்கியது. 2018இலே பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் கல்லூரி இவ்வியக்கத்தோடு கைகோத்து, மருந்தோடு ஓட்டத்தையும் நோயாளிக்குப் பரிந்துரைக்க வழிசெய்தது.

இடர்கள் வராமலில்லை. 2016இலே பிரிஸ்டல் நகருக்கு அண்மையிலுள்ள லிட்டில் ஸ்ரோக் பூங்காவை மேற்பார்க்கும் ஊர்ச்சபை, பாதை தேய்கிறது, ஏனைய சங்கங்கள் கட்டணஞ் செலுத்துகின்றன, இவர்களும் செலுத்தட்டும் என வாக்கெடுத்து முடிவுசெய்தது. சபையின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. பூங்காவைப் பேணப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. எனினும் இயக்கத்தார் மறுத்துவிட்டனர். ஒரு பவுண் ஆயினும் வாங்கத் தொடங்கினால் அந்த ஒரு பவுண் இல்லாதவன் வாயிலில் நிற்பான் என்பது அவர் கட்சி. அவ்வூரின் ஓட்டம் அத்தோடு நின்றது. இடத்தை இழந்தாலும் கொள்கையை விடாத இச்செயலை நாம் மெச்சுகிறோம். 17 பவுணின் கதையை அறிந்தோர் மெச்சாதிருத்தல் அரிது.

2020 மார்ச்சிற் கொரோனா நோய் எல்லாவற்றையும் நிறுத்தியது. இங்கிலாந்திலே 2021 ஜூலை 24ஆந் திகதிவரை, பதினாறு மாதங்களாகச் சனிக்கிழமை காலைகள் வெறுமையாகக் கிடந்தன. மீண்டுந் தொடங்கியபின் 2024 பெப்ரவரியில் மற்றொரு பூசல் எழுந்தது. ஒவ்வோரிடத்தினதும் அதிவேக ஓட்டக்காரர் பட்டியல் முதலிய சாதனைக் கணக்குகளை இயக்கத்தார் தம் பக்கங்களிலிருந்து அகற்றினர். புதிதாக வருவோரை அவை அச்சுறுத்துகின்றன என்றனர். பல ஆண்டு ஓடியவர்கள் பலர் வெகுண்டனர். இவ்விஷயத்தில் எமது அனுதாபம் வெகுண்டவர்கள் பக்கமும் சிறிது சாய்கிறது. வேகமாக ஓடுவதும் ஓர் அன்புதானே. அதற்கும் ஒரு மூலையில் இடமிருந்திருக்கலாம். ஆனால் வாராந்த முடிவுகள் மறையவில்லை. சனிக்கிழமை நண்பகலளவில், முதலில் வந்தவரின் பெயரும் பின்னால் நடந்துவந்த தொண்டரின் பெயரும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் இன்றும் வெளிவருகின்றன.