கைக்குட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு

தென்காசியில் பஸ் ஏறிக் குற்றாலம் போகிறவர்கள் மேலகரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 'குற்றாலக் குறவஞ்சி' பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், 'இந்தக் காத்தைச் சுவாசிச்சாலே சீக்கெல்லாம் பறந்துடும்' என்று சொல்லாதவர்கள் யார்?

நூறு வருடத்துக்கு முன்பு உலகத்துப் பெரிய டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள். அதுவும் காசநோய்க்கு! இருமி, கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்தவருக்கு அன்று தர மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. அவ்வளவுதான் வைத்தியம். வசதி இருந்தவர்கள் சுவிட்சர்லாந்து மலைகளுக்குப் போனார்கள். நம் பக்கத்தில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் ஒரு சானடோரியம் வந்தது. 1928-ல் தாம்பரத்தில் இன்னொன்று. அங்கே ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

காற்று காப்பாற்றியதா? ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் மருத்துவம் படித்தவர். 1820-ல் இருமலில் வந்த ரத்தத்தின் நிறத்தைப் பார்த்ததுமே தன் முடிவு அவருக்குப் புரிந்துவிட்டது. இதமான பருவநிலையைத் தேடி ரோம் நகரத்துக்குப் போனார். அடுத்த வருடமே, 25 வயதில், அங்கேயே இறந்தார். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் டாக்டரே! 1884-ல் ரத்தம் வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் யாரிடமும் முறையாகக் காட்டிக்கொள்ளாமல் கடத்தினார். 44 வயதில் போய்விட்டார்.

நம் புதுமைப்பித்தன்? திருநெல்வேலிக்காரர். 'ராஜமுக்தி' சினிமா வேலையாகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948-ல், 42 வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார். கொடுமை என்னவென்றால், ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது காசநோயை அடக்கும் என்று நிரூபித்த பிரிட்டிஷ் ஆய்வு அச்சில் வந்ததோ, அவர் இறந்து சில மாதங்கள் கழித்து, 1948 அக்டோபரில்!

சரி, மருந்து வந்தாச்சு. ஆனால், லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு சானடோரியத்தில் படுக்கைக்கு எங்கே போவது? விடை நம்ம சென்னையில் கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், சத்தான சாப்பாடு, ஓய்வு. மறு பாதிக்குத் தங்கள் வீடே, தங்கள் கஞ்சியே. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை! குணமாக்கியது காற்றல்ல, விடாமல் விழுங்கிய மாத்திரை. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

இருமலில் ரத்தம் என்றாலே காசநோய்தானா? இல்லை. கடுமையான மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, விரிந்து சேதமான மூச்சுக்குழாய்கள், நுரையீரல் புற்று, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு, இதய வால்வு சுருக்கம் என்று பல காரணங்கள் உண்டு. எப்போதோ ஆறிப்போன காசநோய்த் தழும்புகூடக் கசியலாம். சில சமயம் மூக்கிலோ ஈறிலோ வந்த ரத்தம் தொண்டையில் இறங்கி ஏமாற்றும். நுரையோடு பளிச்சென்று சிவந்திருந்தால் பெரும்பாலும் நுரையீரல். காப்பித்தூள் மாதிரி கறுத்து, வாந்தியோடு வந்தால் வயிறு.

எதுவென்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சொல்லட்டும். கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். நிறைய வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108. காசநோய் என்றால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும்.

வேலை போய்விடுமோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று கைக்குட்டையை மடித்து ஒளிப்பவர்கள் இன்றும் உண்டு. செகாவ் காலத்தில் மருந்து இல்லை. மறைத்தார் என்றால் மன்னிக்கலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.