நாள் பார்த்திராத நம் அடிகளார்

நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நற்காரியம் ஒன்றை நினைத்தால் முதலிற் கூட்டம் கூடுவோம், தலைவரையும் காரியதரிசியையும் தெரிவு செய்வோம், தீர்மானம் நிறைவேற்றுவோம், பணம் சேரட்டும், காலம் கனியட்டும் என்று கலைந்து செல்வோம். அடுத்த ஆண்டறிக்கையிலும் அதே தீர்மானம் இடம்பெறும். சாய்ந்தமருதுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளாரின் வரலாற்றை நாம் இந்நோக்கில் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிறந்த அவரது பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிற் கற்று ஆசிரியரானார். ஓய்வு கிடைத்தபின் மேலே படிப்போம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். பின்னர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார்.

1924இல் துறவு பூண்டு, மறுவருடம் ஈழம் திரும்பினார். அந்நாளில் நம் பகுதிச் சைவப் பிள்ளைகள் ஆங்கில உயர்கல்வி பெற வேண்டின் மிஷன் கல்லூரிகளையே நாடவேண்டியிருந்தது. இக்குறையைப் பேசித் துயருற்றோர் பலர். அடிகளாரோ இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றுப் பணியில் இறங்கினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க இயலுமா என்று அறிஞர் வாதிட்ட காலத்திலும் இப்படியே. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1938இற் சொற்றொகுதி அச்சாயிற்று. வாதம் அதன்பின்னும் ஓயவில்லை என்பது வேறு கதை!

யாழ்நூல் விடயத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். ஒரே நூலுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் செலவிட்டவரைச் செயல்வீரர் என்பது எங்ஙனம்? நியாயமான கேள்வியே. ஆனால் அவ்வாண்டுகள் எவ்வாறு கழிந்தன என்று பாருங்கள். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து போயிற்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் உரையுமே பெருந்துணை. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேற்றாயியிற் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். இத்தகைய கணக்குகளை விஞ்ஞானப் பட்டதாரியான அவர் வரிசையாகப் போட்டார். கணக்கோடு நில்லாது யாழ்களையும் செய்வித்தார். இதற்கென அவர் தனியே ஓய்வெடுத்ததுமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியர், இமயமலைச் சாரலில் மாயாவதியிற் பத்திரிகாசிரியர், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் என அடுக்கடுக்காக வந்த கடமைகளுக்கிடையே நூலும் வளர்ந்தது. நாம் ஆறு மாதம் கூட்டம் கூடிக் கழிப்பதும், அவர் பத்தாண்டு கணக்குப் பார்த்ததும் ஒன்றல்ல.

1947 ஜூன் 5, 6ஆம் நாட்களிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ்நூல் அரங்கேறியது. அடிகளார் அப்பொழுது உடல்நலம் குன்றியிருந்தார். அவர் செய்வித்த யாழ்கள் அவையோர் முன் ஒலித்தன. இன்னும் ஓராண்டு திருத்துவோம் என்று அவர் ஏட்டைக் கட்டி வைத்திருந்தால், அந்த நாதத்தைக் கேட்க அவர் இருந்திருக்கமாட்டார். ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் அவர் ஆவி பிரிந்தது. உடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைத்தனர்.