வேக கேமரா: உயிர் காப்பானா, உண்டியலா?

1896-ஆம் ஆண்டு ஜனவரி 28. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊர் வழியாக ஒரு கார் போகிறது. ஓட்டியவர் பெயர் வால்டர் அர்னால்ட். வேகம்? மணிக்கு எட்டு மைல்! சைக்கிளில் போகிறவர் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் தாண்டிவிடக்கூடிய வேகம். தாண்டியும் விட்டார். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர், கார் போவதைப் பார்த்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி, ஐந்து மைல் துரத்திப் பிடித்தார். ஊருக்குள் அன்றைய வேக வரம்பு மணிக்கு இரண்டு மைல்தான். அர்னால்டுக்கு வேகத்துக்காக விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். செலவுத் தொகை தனி. பிரிட்டனில் காரை வேகமாக ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் இவர்தான் என்று சொல்லப்படுகிறது.

இரண்டு மைல் வரம்பு 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. நீராவி இழுவை வண்டிகளுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 1878-இல் கொடி கட்டாயமில்லை என்றானாலும் ஆள் நடப்பது போகவில்லை. அர்னால்ட் பிடிபட்ட அதே 1896-இல்தான் இந்தச் சட்டம் தளர்த்தப்பட்டு வரம்பு 14 மைலாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர். இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னாராம்.

1903-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை 20 மைலாக்கியது. போலீஸ்காரர்கள் சாலையோரப் புதர்களில் ஒளிந்துகொண்டு, அளந்து வைத்த தூரத்தை ஒரு கார் எத்தனை வினாடியில் கடக்கிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்தார்கள். இந்தப் பொறிகளிலிருந்து தப்புவதற்கென்றே 1905-இல் கார்க்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று வண்டி பழுதானால் ஓடி வந்து உதவுகிற, எல்லோருக்கும் தெரிந்த 'ஆட்டோமொபைல் அசோசியேஷன்' அதுதான்! சைக்கிளில் சுற்றிய சங்கத்தின் ஆட்கள், போலீஸ் மறைந்திருக்கும் இடத்தை உறுப்பினர்களுக்குச் சைகை காட்டி எச்சரித்தார்கள். அப்படிச் சைகை காட்டுவது காவலர் பணிக்கு இடையூறு என்று 1910-இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் சளைக்கவில்லை. சங்கத்துக்காரர் வழக்கமாக உறுப்பினரைக் கண்டால் சல்யூட் அடிப்பார். சல்யூட் அடிக்கவில்லை என்றால் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. சல்யூட் அடிக்காததற்காக யாரைக் கைது செய்ய முடியும்?

போலீஸும் கார்க்காரரும் இப்படி எலியும் பூனையுமாக இருந்ததில் சட்டத்தையே யாரும் மதிக்காமல் போய், 1930-இல் கார்களுக்கான வேக வரம்பு முழுக்க நீக்கப்பட்டது. விளைவு பயங்கரமாக இருந்தது. 1934-இல் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அன்று பிரிட்டனில் ஓடிய வண்டிகள் இன்றைய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1935 மார்ச்சில் ஊர்ப்பகுதிகளுக்கு 30 மைல் என்ற வரம்பு வந்தது. இன்றும் பெரும்பாலான இங்கிலாந்து ஊர்ச்சாலைகளில் அதே வரம்புதான்.

கேமராவின் கதை நெதர்லாந்தில், ஒரு பந்தயக்காரரிடம் ஆரம்பிக்கிறது. மாரிஸ் காட்சோனிடிஸ் 1911-இல் ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். 1953-இல் மாண்டி கார்லோ ராலியில் வென்றவர். வளைவுகளில் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தன் வேகத்தைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள்: முதலாவதன் மீது சக்கரம் ஏறினால் கடிகாரம் ஓடும், இரண்டாவதன் மீது ஏறினால் நிற்கும். வேகமாக ஓட்டுவதற்காகச் செய்த கருவி! அது போலீஸுக்குப் பிடித்துப் போனது. 1958-இல் நிறுவனம் தொடங்கினார். பிறகு குழாய்க்குப் பதில் ரேடார் வந்தது, கேமரா சேர்ந்தது. அவர் பெயரைச் சுருக்கி 'காட்சோ' என்று பிரிட்டன் முழுக்க இன்றும் அந்தப் பெட்டியைத் திட்டுகிறார்கள். தன் கருவியிடம் தானே பலமுறை மாட்டி அபராதம் கட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனில் கேமரா சாட்சியம் மட்டுமே போதும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1992-இல் லண்டனின் மேற்கே ட்விக்கனம் பாலத்தில் முதல் கேமரா நின்றது. அங்கே வரம்பு 40 மைல். சோதனைக் காலத்தில் 60 மைலைத் தாண்டியவர்களை மட்டும் பிடிக்கும்படி அமைத்தார்கள். அப்படியும் மூன்றே வாரத்தில் இருபதாயிரத்துக்கு மேல் சிக்கினார்கள்! ஒரு பிலிம் சுருளில் சுமார் 400 படம்தான் எடுக்க முடியும். சுருளை மாற்ற ஆள் வேண்டும், கழுவ வேண்டும், கடிதம் அனுப்ப வேண்டும். அந்தச் செலவெல்லாம் உள்ளூர்க் காவல்துறையின் தலையில். அபராதப் பணமோ நேராக அரசின் கருவூலத்துக்கு. அதனால் பல இடங்களில் பெட்டி மட்டும் நிற்கும், உள்ளே கேமரா இருக்காது. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி.

இதைச் சரிசெய்ய 2000 ஏப்ரலில் எட்டுப் பகுதிகளில் ஒரு புதிய திட்டம் சோதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. அபராதப் பணத்திலிருந்து கேமராச் செலவை உள்ளூர் அமைப்புகளே எடுத்துக்கொள்ளலாம், மீதி கருவூலத்துக்கு என்பது திட்டம். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 'அபராதம் வசூலானால்தான் கேமரா வாழும்' என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். உயிர் காப்பான் அல்ல, உண்டியல் என்ற பேச்சு அப்போதுதான் வலுத்தது. டயரை மாட்டிப் பெட்ரோல் ஊற்றிக் கேமராக்களைக் கொளுத்தினார்கள். கேமராக்கள் ஒளிந்திருக்கக் கூடாது என்று மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது. 'காரை யார் ஓட்டினார்கள் என்று உரிமையாளரையே சொல்லச் சொல்வது மௌன உரிமைக்கு எதிரானது' என்ற வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007-இல் தோற்றது. (இந்த 'யார் ஓட்டியது' என்ற கேள்விதான் கிறிஸ் ஹூன் என்ற அரசியல்வாதியைக் கவிழ்த்தது. 2003-இல் கேமராவில் மாட்டியபோது ஓட்டியது மனைவி என்று காட்டியதற்காக, பத்தாண்டு கழித்து, அதற்குள் அமைச்சராகவும் இருந்து முடித்துவிட்ட அவரும் முன்னாள் மனைவியும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள்.)

சரி, கேமராவால் உயிர் பிழைத்ததா?

2005 டிசம்பரில் நான்காண்டு ஆய்வறிக்கை வெளிவந்தது. கேமரா வைத்த இடங்களில் இறந்தோரும் படுகாயம் அடைந்தோரும் 42 சதவீதம் குறைந்துவிட்டார்கள் என்றது. மலைக்க வைக்கும் எண். ஆனால் அதே அறிக்கையின் பின்னிணைப்பு ஒன்று வேறு கதை சொன்னது. நகர்ப்புறக் கேமராக்களின் ஒரு பகுதியை எடுத்து ஆராய்ந்தபோது, குறைவில் பெரும்பங்கு கேமரா இல்லாமலேயே நடந்திருக்கக்கூடியது என்று தெரிந்தது!

இது எப்படி? 600 தாயக்கட்டைகளை உருட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். ஆறு பக்கமும் ஒன்று முதல் ஆறு வரை எண் உள்ள கட்டைகள். சுமார் 100 கட்டைகளில் ஆறு விழும். 'இவை ஆபத்தான கட்டைகள்' என்று அந்த நூறையும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி மறுபடி உருட்டினால், இம்முறை ஆறு விழுவது பதினேழு அளவில்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தால் ஆபத்து 83 சதவீதம் குறைந்தது என்று அறிக்கை எழுதிவிடலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதைப் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று புள்ளியியலில் சொல்கிறார்கள். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரை விடக் குட்டையாக இருப்பதைக் கவனித்து, 1886-இலேயே பிரான்சிஸ் கால்டன் எழுதிய விஷயம்.

கேமராவும் இப்படித்தான் வைக்கப்பட்டது. முந்தைய மூன்று ஆண்டுகளில் மோசமான விபத்துகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் நடந்திருந்தால்தான் அந்த இடத்துக்குக் கேமரா. அவற்றில் சில உண்மையிலேயே கெட்ட சாலைகள். சில, கெட்ட காலத்தில் இருந்த சாதாரணச் சாலைகள். இரண்டாம் வகை இடத்தில் கேமரா வைத்தாலும் வைக்காவிட்டாலும் அடுத்த மூன்று ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கும். எதிர்ப்பாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்றார்கள். அது அடுத்த கோடி. இந்த மாயக் குறைவைக் கழித்த பிறகும் அந்தப் பின்னிணைப்பில் கேமராவின் பங்கு என்று ஒன்று மிஞ்சியது. சிறியதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. சாலையில் சிறியது என்றாலும் அது ஆட்கள்.

வேகத்துக்கும் சாவுக்கும் உள்ள கணக்கும் அதையே சொல்கிறது. சாலையின் சராசரி வேகம் மாறும்போது உயிர்ப்பலி விபத்துகள் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் மாறுகின்றன என்று சுவீடனின் யோரன் நில்சன் கணக்கிட்டார். வேகத்தில் வெறும் ஐந்து சதவீதம் குறைந்தால், சாவு விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பணத்தையும் கேமராவையும் கட்டிவைத்த திட்டம் 2007-இல் முடிவுக்கு வந்தது. அபராதம் மீண்டும் முழுதாகக் கருவூலத்துக்கே. 'செலவு எங்களுக்கு, வரவு உங்களுக்கா' என்று ஸ்விண்டன் நகராட்சி 2009 ஜூலையில் தன் நிலையான கேமராக்களை அணைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கேமராக்கள்தான். விபத்து எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனாலும் பத்திரிகைகள் சொன்னன. ஆக்ஸ்போர்ட்ஷயர் 2010 ஆகஸ்டில் 72 கேமராக்களை நிறுத்தியது. வேக மீறல் கூடியதைப் பார்த்து 2011 ஏப்ரலில் மறுபடி இயக்கியது.

பிறகு வந்த ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவை. லண்டன் பேராசிரியர் ரிச்சர்ட் ஆல்சாப் 2013-இல் ஒன்பது பகுதிகளின் 551 கேமராக்களை எடுத்துப் பார்த்தார். உயிர்ப்பலி மற்றும் படுகாய விபத்துகள் சராசரியாக 22 சதவீதம் குறைந்திருந்தன. 42 அல்ல, 22. அதிலும் 21 இடங்களில் விபத்து கூடியிருந்தது. அவற்றைத் தனியாக ஆராய வேண்டும் என்றும் அவர் எழுதினார். 2017-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலிருந்து வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கேமராவைச் சுற்றி 500 மீட்டருக்குள் நல்ல பலன். ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டினால் பலன் மறைந்துபோகிறது. பெட்டியைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர்! திருந்தியது ஓட்டுநர் அல்ல, அந்தத் துண்டுச் சாலை மட்டும்தான்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் சராசரி வேக கேமரா. நம்பர் பிளேட்டை ஓரிடத்தில் படித்து, பல மைல் தள்ளி மறுபடி படித்து, இடையில் எடுத்த நேரத்தைக் கணக்குப் போடும். புதரில் ஒளிந்திருந்த போலீஸ்காரரின் ஸ்டாப்வாட்ச் கணக்கேதான், ஆனால் பிரேக் போட்டுத் தப்ப வழியில்லை. 2016-இல் வந்த ஆய்வு, இவை உள்ள சாலைகளில் உயிர்ப்பலி மற்றும் படுகாய விபத்துகள் 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. ஸ்காட்லாந்தின் ஏ9 சாலையில் 2014 அக்டோபரில் இவற்றை நிறுவும் முன் பலத்த எதிர்ப்பு இருந்தது. நிறுவிய பிறகு அங்கே வரம்பை மீறுவோர் வெகுவாகக் குறைந்தார்கள், சாவுகளும் குறைந்தன. அபராதம் கட்டுகிறவர்கள் குறைந்தபோது உண்டியல் என்ற பேச்சும் அங்கே அடங்கிப் போனது.